ஒரு கீறல்கூட இல்லாத கடை

தையல்கடை சந்தனகுமார் ஆறு வருசத்துக்கு முன்னால் எலிப்பொறியைத் தேடிய குரல் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கேட்டதற்கு மறுநாள்தான், ஆவுடையப்பன் தன் மனைவி பேச்சியம்மாளின் குரலைத் தேட ஆரம்பித்தார். நரிக்கிணற்றில் யாரைக் கேட்டாலும் அந்த வருசத்துக் கதையை இப்படித்தான் தொடங்குவார்கள். எலிப்பொறி வருசம் என்றே அதற்குப் பேராகிவிட்டது.

ஆவுடையப்பன் ஸ்ரீ வனப்பேச்சி சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் கொடையா, சடங்கா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவர் அவர்தான். எழுநூறு சிடியைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு இனி அலைய முடியாது என்று கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். கோவில்பட்டியிலிருந்து கம்ப்யூட்டர் கடை ஜெபசிங் வந்து, சிடியில் இருக்கிற பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, திரையில் ஒரு சின்னக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினான்.

"கீறல் விழுந்த சிடின்னா இதுல டிக் போட்டுக்கோங்க அண்ணாச்சி. கீறல் இருக்க எடத்துல தாண்டி ஓடிராது. நின்னு திரும்பத் திரும்பப் படிக்கும். வெளங்குற வரைக்கும் விடாது."

"நம்ம சிடிக்கு அது தேவைப்படாதுப்பா" என்றார் ஆவுடையப்பன். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. எழுநூறு சிடியில் ஒன்றில்கூடக் கீறல் கிடையாது. மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கடைப்பக்கம் ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் ஒரு பழைய பனியன் துணியையும் பற்பசையையும் எடுத்து வைத்துக்கொண்டு, லேசாக ஒரு கோடு விழுந்திருந்தாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி, தேய்த்த தேதியை உறையின் மூலையில் பென்சிலால் எழுதி அடுக்கிவிடுவார். இருபத்திரண்டு வருசப் பழக்கம். முதலில் கேசட் பிளேயரின் ஹெட்டைத் துடைத்தார், பிறகு சிடியைத் தேய்த்தார்.

அந்தக் கட்டத்தில் அவர் முதன்முதலாக டிக் போட்டது சந்தனகுமாரின் பக்திப் பாட்டு சிடிக்கு. கத்தரிக்கோல் விழுந்து நாலாவது பாட்டில் குறுக்காக ஒரு கீறல். சாப்ட்வேர் அந்த இடத்தில் கால் மணி நேரம் நின்றது. ஏற்றி முடித்துப் போட்டுப் பார்த்தால், உடுக்கை அடிக்கிறது, குழல் வருகிறது, கீறல் இருந்த இடம் வந்ததும் பாட்டு ஒதுங்கிக்கொண்டு சந்தனகுமாரின் குரல் வருகிறது: "ஏட்டி, எலிப்பொறிய எங்க வச்ச? தேங்காச் சில்லு வெளிய கெடக்கு, பொறியக் காணோம்." பிறகு கத்தரிக்கோல் விழுகிற சத்தம். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு.

சந்தனகுமார் கேட்டுவிட்டு, "ஆமா, நான்தான். அன்னைக்கு அது கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு" என்றான். அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைக்க முடியுமா என்றும் கேட்டான்.

கீறல் விழுந்த நேரத்தில் பக்கத்தில் என்ன சத்தம் இருந்ததோ அது கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஊருக்கு இது விளங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. பரணில் கிடந்த சிடி, மாட்டுத்தொழுவத்தில் காக்கா விரட்டக் கட்டியிருந்த சிடி, சைக்கிள் சக்கரத்தில் பிள்ளைகள் சொருகிவைத்திருந்த சிடி எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு கடை வாசலில் வரிசை கட்டினார்கள். மகன் துபாய்க்குப் போன காலையில் கைதவறிய சிடியில் எஸ்தர் டீச்சர் அவன் செருப்பு மாட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, வேறொன்றும் வேண்டாம் என்று எழுந்து போனார். சலூன்கடை அண்ணன் தம்பி ரெண்டு பேரும், வீட்டைப் பாகம் பிரித்த அன்று யார் முதலில் கையை ஓங்கியது என்று தெரிந்துகொள்ள வந்து, இருவரும் சேர்ந்தே ஓங்கியதைக் கேட்டு, ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். வரப்புத் தகராறு ஒன்றில் ஒரு கீறலைச் சாட்சியாகக் கொண்டுவந்தபோது ஊர்க்கூட்டம் கூடி, கீறலுக்குக் காது உண்டு, கண் கிடையாது, ஆகையால் அதன் சாட்சி பாதிச் சாட்சி என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த ஆவணி மாதத்திலிருந்து கல்யாணங்களில் தாலி கட்டுகிற நேரத்துக்குத் தாய்மாமன் ஊக்கால் ஒரு சிடியில் கோடு இழுக்கிற வழக்கம் வந்தது. பத்திரிகையிலேயே 'கீறல் போடுபவர்' என்று பேர் அச்சடித்தார்கள், பேர் விட்டுப்போன மாமன்மார் கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காரவில்லை. காது குத்தின ஆசாரி அதே ஊசியால் சிடியிலும் ஒரு கோடு போட்டு, பிள்ளையின் அழுகையைக் கையோடு கொடுத்தார். பாட்டு இல்லாத வெறும் சிடியில் கீறினால் ஒன்றும் தங்காது என்றும், ஒரு விரல் நீளக் கீறலில் ரெண்டு மூன்று வாக்கியம் அடங்கும் என்றும், மழை நாளில் போட்ட கீறலில் மழைதான் பெரிதாகக் கேட்கும் என்றும் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

எல்லார் வீட்டிலும் ஒரு கீறல் இருந்தது. ஆவுடையப்பன் வீட்டில் மட்டும் இல்லை.

பேச்சியம்மாளுக்கு வாதம் வந்து அப்போது ரெண்டு வருசம். வலது கையும் வலது காலும் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. பேரிலேயே பேச்சை வைத்திருந்தவள். கடை மூலையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, இலையை வெட்டுகிற வேகத்துக்கு வார்த்தையும் வந்து விழும். தபால்காரர் அந்தப் பக்கம் போனால் கடிதத்தைக் கொடுக்காமலே அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்டவளிடம் இப்போது மிச்சம் இருந்தது 'ம்' ஒன்றுதான். பசித்தாலும் ம், வலித்தாலும் ம், வேண்டாம் என்றாலும் ம். அவள் குரல் எதிலும் பதிவாகவில்லை. கல்யாண வீடியோவில் இருக்கும் என்று பார்த்தால், முதலிலிருந்து கடைசி வரை சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தது. போட்டவர் ஆவுடையப்பன்தான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், எப்படி வந்துச்சு, என்ன செஞ்சுச்சு என்று கேட்பார்கள். அவரும் எல்லாருக்கும் ஒன்றேதான் சொல்வார், ரெண்டு வருசமாக ஒரு எழுத்து மாறாமல்.

"முந்தின நாளு வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. பக்கத்துல உக்காந்து பீடி சுத்துனா. கை வலிக்கி, கால் வலிக்கின்னு ஒரு வார்த்த சொல்லலையே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டுருப்பனா?"

அதைக் கேட்கும்போதெல்லாம் பேச்சியம்மாள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். பாவம், நினைத்து நினைத்து மருகுகிறாள் என்று வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

எழுநூறு சிடியையும் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார் ஆவுடையப்பன். ஒன்றிலும் ஒரு கோடு இல்லை. எத்தனையோ தடவை அவள் கையிலிருந்து சிடி விழுந்திருக்கிறது. அவள் வளையல் உரசியிருக்கிறது. "பாத்துப் புழங்கத் தெரியாதா?" என்று திட்டி, அன்று மத்தியானமே உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறார். அவள் இருந்த அத்தனை கீறலையும் தன் கையாலேயே அழித்துவிட்டதாக நினைத்தார், அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர் பார்த்துக்கொண்டிருக்குமா? அவரவர் வீட்டுச் சிடியைக் கொண்டுவந்து, "இது எங்க அக்கா வளைகாப்பு அன்னைக்கு விழுந்தது, மதினி அங்கதான் இருந்தாவ", "இது கோயில் பொங்கலுக்கு விழுந்தது, மதினி சத்தம் தூரத்துல வந்தாலும் வரும்" என்று கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றிலும் காதை வைத்துத் தேடினார். டீக்கடைச் சிடி ஒன்றில் பாத்திரச் சத்தத்துக்கு அடியில், "…ண்ணே, சீனி கம்மியா" என்று கேட்டது. அவள்தான். மொத்தம் அவ்வளவுதான், அதுவும் டீக்கடைக்காரரிடம் சொன்னது. ஆவுடையப்பன் அதையே ஒரு வாரம் போட்டுக் கேட்டார். சீனி கம்மியா. சீனி கம்மியா. அதற்காக டீயில் சீனியைக் குறைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரைத் தூசி தட்ட வந்த ஜெபசிங்தான் அதைச் சொன்னது. அவன் மேசை மேலிருந்த பற்பசையையும் துணியையும் பார்த்தான், சிடி ஒன்றைக் கையில் எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான்.

"இதுல கீறல் இல்லன்னா சொல்லுதீங்க? பற்பசைன்னா என்ன அண்ணாச்சி, நைசான சுண்ணாம்புதான. நீங்க கீறல எடுக்கல. ஒரு பெரிய கீறல ஆயிரம் பொடிக்கீறலா ஆக்கி வச்சிருக்கீங்க. கண்ணுக்குத் தெரியாது. சாப்ட்வேருக்குத் தெரியும்."

ஆவுடையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தேய்த்த நேரமெல்லாம் தேய்த்த சிடிக்குள் இருக்கிறது. ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, இருபத்திரண்டு வருசம் இல்லாவிட்டாலும் சிடி வந்த பிறகு பத்து வருசம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டு பேசிய பேச்செல்லாம் அலமாரியில் வரிசையாக நிற்கிறது. அவர் ஜெபசிங்கின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

கடை மூலையில், பீடி சுற்றிய அதே இடத்தில் போட்டிருந்த கட்டிலில் கிடந்த பேச்சியம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவள் சுவரைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து அலமாரி வரைக்கும் போய் வந்ததை அவர் பார்த்தார். சந்தோசத்தில் இவளுக்கே நடை வந்துவிட்டது என்று நினைத்து, மறுநாள் வனப்பேச்சி அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்.

முதல் சிடியைப் போட்டு, கட்டத்தில் டிக் போட்டபோது, அவள் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "ம்" என்றாள். "ம், ம்." தலையையும் ஆட்டினாள். ரெண்டு வருசம் கழித்துத் தன் குரலைத் தானே கேட்கப் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகாது, இரு" என்றார். சாப்ட்வேர் மூன்று மணி நேரம் எடுத்தது. ஓரிடம் விடாமல் நின்று நின்று படித்தது.

குழாயில் முதலில் வந்தது துணி தேய்க்கிற சத்தம். சர், சர், சர். அதற்கு மேலே பேச்சியம்மாள்.

"மேலத்தெரு சீனியம்மாளுக்கு மறுபடியும் பொம்பளப்பிள்ளையாம். மாமியாக்காரி மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. எனக்கு ஒண்ணுகூட நிக்கல, அவளுக்கு நாலு, அதுவும் வேண்டாங்கா. சாமி கணக்கே ஒரு தினுசுதான். கேக்கியளா?"

"ம்" என்றது ஆவுடையப்பனின் குரல். சர், சர், சர்.

கடை வாசலில் தபால்காரர் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தனகுமார் மிதித்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு வந்தான். எஸ்தர் டீச்சர் வந்தார். பேச்சியம்மாள் பேசுகிறாள் என்று தெருத் தெருவாகச் சொல்லி அனுப்பி, அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஊரில் பாதி அந்தக் கடை வாசலில் கிடந்தது. தேதி வரிசைப்படி சிடி மாற்றி சிடியாக, சீயக்காய் விலை, கனவில் வந்த யானை, பீடிக்கடைக் கங்காணி எடையில் செய்கிற தகிடுதத்தம், தன் அம்மா செத்த அன்று யாரும் தனக்குக் காப்பி கொடுக்காதது, இந்த வருசமாவது குற்றாலத்துக்கு ஒரு எட்டுப் போய்வர வேண்டும் என்கிற ஆசை என்று பத்து வருசம் பேசினாள். ஒவ்வொன்றின் முடிவிலும் "கேக்கியளா?" என்றாள். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. ஊர் சிரித்தது, அழுதது, நான் சொன்னேன்ல, அவ சொல்லுதா பாரு என்றது. ஆவுடையப்பனுக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் புதுசாக இருந்தது. யானைக் கனவை அவர் கேட்டதே இல்லை. அம்மாவின் சாவையும் காப்பியையும் கேட்டதே இல்லை. பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொன்றுக்கும் ம் போட்டு, ஒன்றையும் கேட்டதில்லை.

பேச்சியம்மாள் ஒரு நாளும் குழாயைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் பேச்சு இருக்கிற வரிசையில் கடைசிச் சிடியைக் காணவில்லை. வாதம் வந்ததற்கு முந்தின நாள் தேய்த்த சிடி, மார்கழி பஜனைப் பாட்டு. உறை இருந்தது, தேதி இருந்தது, உள்ளே வெறுமை. கடையைத் தலைகீழாகப் புரட்டினார். கடைசியில் அவள் தலையணைக்கு அடியில் கிடைத்தது. கடைசியாகப் பேசியது என்று எடுத்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். சிடியின் ஓரத்தில் பல் பட்ட தடம் மாதிரி ஒன்று இருந்தது. எலி கடித்திருக்கும் என்று துடைத்துவிட்டுப் போட்டார்.

அன்று கடை வாசலில் உட்கார இடம் இல்லை.

சர், சர், சர்.

"என்னன்னு தெரியல, காலையில இருந்து நூலு கையில நிக்க மாட்டேங்கு. முடிச்சுப் போடுதேன், அவுந்து போவுது. வலது கையில விரலு மரத்த மாதிரி இருக்கு. கேக்கியளா?"

"ம்."

சர், சர். ரெண்டு பாட்டு தாண்டிப் போனது.

"இந்தா பாருங்க, எல நழுவுது. பல்லு வெளக்கும்போது தண்ணி ஒரு பக்கமா ஒழுகிருச்சு. எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவமா? சாயங்கால பஸ் இருக்கு. கேக்கியளா?"

"ம்."

துணி நிற்கவில்லை. இன்னொரு பாட்டு போனது. அவள் குரல் இப்போது கொஞ்சம் குழறியது.

"மூணு தடவ சொல்லிட்டேன். சரி, நீங்க வேலைய முடிங்க. நாளைக்குப் போய்க்கிடலாம்."

"ம்."

ஒரு வார்த்தை சொல்லலையே என்று அவர் சொல்லிக் கேட்காத காது ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆவுடையப்பன் பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார், கை போகவில்லை. பஜனை பாட்டுக்குப் பாட்டு நடந்து கடைசிப் பாட்டுக்கு வந்தது. சிடியின் ஓரம் அதுதான். அங்கே பாட்டு மறுபடி ஒதுங்கியது. பேச்சு இல்லை. யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். பல்லுக்கிடையில் எதையோ கடித்துப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அதை வளைத்து உடைக்கப் பார்க்கிற மூச்சு. "ம்…" என்றது. உடையவில்லை. மறுபடியும், "ம்…" கடைசியில் ஒரு விசும்பல். பிறகு பாட்டு.

அவருக்கு விளங்கியது. ரெண்டு வருசமாகச் சுவர் பக்கம் திரும்பியது எதற்கென்று விளங்கியது, மணிக்கட்டைப் பிடித்தது விளங்கியது, காலை இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனது விளங்கியது. சொல்லவில்லை என்று ஊர் முழுக்க அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த மனுசனை, தான் சொன்னது ஊருக்குத் தெரியாமல் காப்பாற்ற, அவள் தன் குரலையே கடித்து உடைக்கப் பார்த்திருக்கிறாள். ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்து அவள் வலது கையை எடுத்து, மரத்துப்போன அந்த விரல்களைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். ஊர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனது. தபால்காரர் போகும்போது கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வெளியூர்க்காரர் ஒருவர் கொடைக்குக் குழாய் பேச வந்தார். விவரமெல்லாம் பேசி முடித்துவிட்டு, மூலையில் கிடந்தவளைப் பார்த்து, "அக்காவுக்கு எப்படி வந்துச்சு?" என்று தணிவாகக் கேட்டார்.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். ரெண்டு வருசமாகச் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"முந்தின நாளே சொன்னா" என்றார். "மூணு தடவ சொன்னா. நான் ம் போட்டுக்கிட்டு இருந்தேன்."

வந்தவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆவுடையப்பன் பனியன் துணியை எடுக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு, கை ரெண்டையும் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சீயக்காய் விலையில் ஆரம்பித்து, யானைக் கனவு, காப்பி, குற்றாலம் என்று, அவள் பத்து வருசமாகக் கேட்ட ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேக்கியா?" என்றார்.

"ம்" என்றாள் பேச்சியம்மாள்.